தட்டைத் தொட்ட ஹெட்: ஒரு வன்தட்டின் தேய்மானம் என்னிடம் வாங்கிய விலை

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம் என்பதால், கணினியில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு வைகாசியும் ஆனியும் இரவு பகல் தெரியாமல் ஓடும். அப்படிப்பட்ட ஓர் ஆனி மாதத்தில், பல ஆண்டு வடிவமைப்புகள் அனைத்தும் இருந்த என்னுடைய 2 டிபி வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) தன்னைத் தானே உள்ளே சுரண்டிக்கொண்டு நின்றுபோனது. மீட்புக்கும் மறுவேலைக்கும் திருப்பிக் கொடுத்த முன்பணத்துக்குமாக எனக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் போயிற்று. பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது, அந்த நாட்களில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று விவரமாகச் சொல்ல ஒருவரும் கிடைக்காததுதான். பிற்பாடு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் அறிகுறி கோடையிலேயே தெரிந்தது. என்னுடைய கணினி இருந்த அறைக்கு அடுத்த சுவரில் ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஓடும். அது ஓடும்போது மேசையின் மேல் வைத்த தம்ளரில் தண்ணீர் நடுங்குவதைப் பார்க்கலாம். நானூறு ஐந்நூறு எம்பி அளவுள்ள போட்டோஷாப் ஃபைல்கள் சில, அதுவரை திறந்த வேகத்தில் திறக்காமல் நடுவில் நின்று நின்று வந்தன. எல்லா ஃபைல்களும் அப்படி இல்லை. குறிப்பிட்ட சில பழைய ஃபோல்டர்கள் மட்டுமே இழுத்தன. கணினி பழையது, ஃபைல் பெரியது, ஆன்டிவைரஸ் குறுக்கே ஓடுகிறது என்று அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையில், ஒரு வன்தட்டு குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தயங்குகிறது என்றால், அங்கே முதல் முறை படிக்க முடியாமல் அதே தடத்தை, அதாவது தட்டில் தரவு எழுதிய வட்டப் பாதையை, திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பொருள். கணினி முழுவதும் மெதுவாக இருந்தால் வேறு காரணம் தேடலாம். சில ஃபைல்கள் மட்டும் மெதுவாக இருந்தால் வன்தட்டைச் சந்தேகிப்பதே சரி. அதிர்வும் இதில் சேர்ந்துகொள்ளும். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த வன்தட்டு அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தியே அதன் வேகத்தைத் தடுமாற வைத்துக் காட்டியிருக்கிறார். கத்தலுக்கே தடுமாறும் பொருளைப் பல டன் இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தோம்.

அந்தக் கட்டத்தில் இலவசமாகவே ஒரு சோதனை செய்திருக்க முடியும். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது; அதற்கு ஸ்மார்ட் பதிவு என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். அதில் 05 என்ற எண், கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளைக் காட்டும். சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும். சி0, மின்சாரம் திடீரென்று போய் ஹெட் (தட்டின் மேல் மிதந்து தரவைப் படித்து எழுதும் முனை) அவசரமாகப் பின்வாங்கிய தடவைகளையும், சி1, ஹெட் நிறுத்துமிடத்துக்குப் போய்வந்த தடவைகளையும் காட்டும். 0ஏ என்பது மோட்டார் முதல் முயற்சியில் வேகம் பிடிக்காமல் மீண்டும் முயன்ற கணக்கு. இங்கே ஒரு குழப்பம் உண்டு: அந்த மென்பொருள் மூல மதிப்புகளைப் பதினாறின் அடிமான எண்களில் காட்டும், அமைப்பில் போய்ப் பதின்ம எண்ணுக்கு மாற்றிக்கொண்டால்தான் நம்மால் படிக்க முடியும். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. கூகுள் நிறுவனத்தினர் தங்கள் வன்தட்டுகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் படிப்புப் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாத வன்தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே எச்சரிக்கை வந்தால் உடனே நம்ப வேண்டும். வராததை நம்பி இருந்துவிடக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். மேசைக் கணினி வன்தட்டில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது; அதன் வெளி விளிம்பின் வேகம் விநாடிக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர் அளவு. அந்தச் சுழற்சியில் தட்டோடு சேர்ந்து இழுபடும் காற்று, ஹெட்டுக்கு அடியில் மெல்லிய மெத்தையாக நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஹெட்டைத் தட்டிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் விலக்கி வைக்க அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். இன்று அந்த இடைவெளி பத்து நானோமீட்டருக்கும் குறைவு. படிக்கும்போதும் எழுதும்போதும் ஹெட்டுக்குள் இருக்கும் நுண்ணிய சூடேற்றி அதன் முனையைச் சற்றுப் புடைக்கச் செய்வதால், ஓரிரு நானோமீட்டர்தான் மிஞ்சுகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை வைத்து இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். தட்டின் காந்தப் படலத்தைக் காப்பதற்கு அதன் மேல் இரண்டு மூன்று நானோமீட்டர் தடிமனில் வைரத்தை ஒத்த கடினமான கார்பன் பூச்சும், அதற்கும் மேல் ஒரு நானோமீட்டர் அளவுக்குப் புளோரின் கலந்த மசகுப் படலமும் உண்டு. தற்செயலாக ஹெட் ஒரு நொடி உரசினாலும் தாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. ஆனால் உரசல் ஒரே இடத்தில் தொடர்ந்தால் மசகு ஒதுங்கும், சூடேறும், கார்பன் பூச்சு கிழியும், அதற்கடுத்து இருப்பது நம் தரவு.

இதை விட மோசமான பகுதி, கிழிந்த தூள். ஆஃப்செட்டில் உருவம் பதிந்த பிளேட்டுக்கும் அதன் மையை வாங்கித் தாளில் ஒற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டுக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால், உருளை சுற்றும் ஒவ்வொரு முறையும் அதே கீறல் விழுவதோடு துகள் நகர்ந்து புதிய கீறலும் விழும். இயந்திரத்தை நிறுத்தித் துடைக்காமல் தாளை ஓட்டிக்கொண்டே இருக்க எந்த அச்சகத்தாரும் துணிய மாட்டார். வன்தட்டுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. வேறுபாடு, நிமிடத்துக்கு 7200 சுற்று என்பதும், துடைக்க வழியில்லை என்பதும். உள்ளே ஒரு வடிகட்டி தூளைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தூள் உண்டாகும் வேகம் அதைவிட அதிகமானால், ஒரு பக்கம் தொடங்கிய சேதம் மற்ற பக்கங்களுக்கும் மற்ற ஹெட்டுகளுக்கும் பரவும். ஆகவே உரசல் தொடங்கிய பின் வன்தட்டு மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நாம் பின்னர் மீட்கக்கூடியதன் அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது.

வன்தட்டுக்கு ஆபத்தான நேரம் நீண்ட நேரம் ஓடுவது அன்று, தொடங்குவதும் நிற்பதும்தான். காற்று மெத்தை வேகத்தால் உண்டாவது என்பதால், வேகம் இல்லாதபோது ஹெட்டைத் தாங்க எதுவும் இல்லை. 1973-இல் வந்த ஐபிஎம் 3340 வகையில், மசகு பூசிய தட்டின் மேலேயே ஹெட் இறங்கி நிற்கவும் அங்கிருந்தே கிளம்பவும் வழி செய்தார்கள். நெடுங்காலம் இதுவே பரவலான முறையாக இருந்தது. மிகவும் வழவழப்பான இரு பரப்புகள் மசகோடு சேர்ந்து நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஹெட் நிற்கும் வளையத்தில் மட்டும் லேசரால் நுண்ணிய மேடுகளை உண்டாக்கினார்கள். இப்போதைய வன்தட்டுகளில் தட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் சரிவு இருக்கிறது. வேலை முடிந்ததும் ஹெட்டின் நுனி அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முறையாக நிறுத்தினால் இது மெதுவாக நடக்கும். மின்சாரம் திடீரென்று போனால், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தையே மின்னாக்கி ஹெட்டை வேகமாக இழுத்துச் சரிவில் ஏற்றுகிறார்கள். இந்த அவசரப் பின்வாங்கலைத் தாங்கும் எண்ணிக்கை, முறையான நிறுத்தத்தைத் தாங்கும் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு குறைவு. சில மடிக்கணினி வன்தட்டுகளின் தரவுத்தாளில் முறையானதற்கு 6,00,000 என்றும் அவசரத்துக்கு 20,000 என்றும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இருபதாயிரம் பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அது தரவுத்தாளில் சொன்ன சூழலில் ஓடும் வன்தட்டுக்கான எண்.

எங்கள் யுபிஎஸ் மின்கலம் அந்த ஆண்டு ஐந்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தது. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் ஏற்றும் வரையான இடைவெளியில் கணினி அணைந்துவிடும். பருவம் முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் தள்ளிப்போடும் செலவு அது. ஓர் இரவு அப்படி அணைந்து மீண்டும் எழுந்தபோது, கணினிப் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய, உலோகம் உரசுவதைப் போன்ற ஒலி வந்தது. அதைத் தொடர்ந்து சீரான இடைவெளியில் 'டக்... டக்... டக்' என்ற சத்தம். விண்டோஸ் அந்த டிரைவைக் காட்டிற்று, ஆனால் ஃபோல்டர்கள் திறக்கவில்லை. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மீண்டும் போட்டபோது இரண்டு ஃபோல்டர்கள் வந்தன. அவற்றை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே டிரைவ் மறைந்தது. வயிற்றைப் பிசைவது போலிருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் மறுநாள் காலை ஆல்பத்துக்கான முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்த எனக்கு அந்த இரவு அப்படித்தான் கழிந்தது.

ஒலியை வைத்தே ஓரளவு நோயைக் கண்டுகொள்ளலாம் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். எந்த ஒலியும் இல்லை, தட்டு சுழலவே இல்லை என்றால் பெரும்பாலும் மின்பலகையிலோ மின்வழங்கலிலோ கோளாறு. இது பிழைக்கக்கூடிய நோய். சுழல முயன்று முயன்று முனகுவது போன்றோ, பீப் போன்றோ ஒலித்தால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கலாம். இப்போதைய மோட்டார்களில் குண்டு பேரிங்குகளுக்குப் பதிலாக அச்சைச் சுற்றி எண்ணெய்ப் படலம்தான் இருக்கிறது. சுழலும்போது உலோகத்தோடு உலோகம் தொடாது என்பதால் சத்தமும் தேய்மானமும் குறைவு, ஆனால் கீழே விழுந்து அச்சு இம்மியளவு கோணினாலும் அது பூட்டிக்கொள்ளும். சீரான 'டக் டக்' என்றால், ஹெட் தான் இருக்கும் தடத்தின் அடையாளத்தைப் படிக்க முடியாமல் ஓரம் வரை போய் முட்டித் திரும்புகிறது. உரசும் ஒலி கேட்டால் மட்டும் ஒரு கேள்வியும் இல்லை; சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, அதற்குப் பிறகு அந்த வன்தட்டுக்கு மின்சாரமே காட்டக் கூடாது. முறையாக ஷட்டவுன் செய்வதற்காக நிமிடங்களைக் கழிக்க வேண்டியதில்லை.

மறுநாள் அருகிலிருந்த ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனேன். கடைத் தம்பி நல்ல பையன்தான்; "அண்ணாச்சி, கவலைப்படாதீங்க, ராத்திரி முழுக்க ஸ்கேன் போட்டு வெச்சா காலையில எடுத்துரலாம்" என்றான். அவன் ஓட்டியது, கெட்ட பகுதிகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் சோதனையும், அதன்பின் ஒரு மீட்பு மென்பொருளும். இரண்டும் தட்டின் மேல் ஹெட்டை மூலை முடுக்கெல்லாம் ஓட்டுபவை. ஃபைல் தவறி அழிந்துபோன நல்ல வன்தட்டுக்கு அந்த மென்பொருள் ஏற்றது. ஹெட் உடைந்த வன்தட்டில் அது உடைந்த ஹெட்டை மேலும் உழச் செய்யும். காலையில் டிரைவ் பட்டியலிலேயே இல்லை. அதற்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பையன் மேல் எனக்கு இப்போதும் கோபமில்லை. பத்து வன்தட்டில் எட்டுக்கு அந்த வைத்தியம் பலிப்பதைப் பார்த்துப் பழகியவன். ஆனால் கடையில் வன்தட்டைக் கொடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறேன் என்பது பதிலானால், ஒலி கேட்ட வன்தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

யோசனைகளுக்கும் குறைவில்லை. பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னவர் உண்டு, மேசை விளிம்பில் மெல்லத் தட்டச் சொன்னவரும் உண்டு. ஹெட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் நோய் பரவலாக இருந்த எண்பதுகள், தொண்ணூறுகளில் இவை சிலருக்குப் பலித்திருக்கின்றன. அந்தப் பேச்சு இன்றும் நிற்கிறது. இப்போதைய வன்தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால், நம் ஊர் ஈரக்காற்றில் தட்டின் மேல் நீர் படியும். பத்து நானோமீட்டர் இடைவெளியில் அந்த நீர்த்துளி ஒரு பாறை. அதேபோல் மின்பலகையை இன்னொரு வன்தட்டிலிருந்து மாற்றினால் சரியாகிவிடும் என்பதும் பழைய கதை. ஒவ்வொரு வன்தட்டின் ஹெட்டுகளுக்கும் தனித்தனியாக அமைத்த அளவுகள் அந்தப் பலகையிலுள்ள சிறிய சில்லில் இருப்பதால், அதை இடம் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றிப் பயனில்லை. எல்லாவற்றையும் விடப் பயங்கரமான யோசனை, திறந்து பார்க்கலாம் என்பது. எங்கள் அச்சகங்களில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடரின் ஒரு மணியே பத்தாயிரம் நானோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தக் காற்றில் மூடியைத் திறப்பதைப் பற்றி வேறென்ன சொல்வது? மூடியில் உள்ள சிறு துளையைக்கூட அடைக்காதீர்கள் என்று எழுதியிருப்பார்கள்; அது உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியோடு அமைந்த வழி. துளையே இல்லாத ஹீலியம் வகை வன்தட்டுகளும் 2013 முதல் இருக்கின்றன. அவற்றைச் சாதாரண ஆய்வகங்கள்கூடத் தொடத் தயங்கும், மீட்புச் செலவும் கூடும்.

சென்னையில் விசாரித்து ஓர் ஆய்வகத்தைப் பிடித்தேன். ரிச்சி தெருவில் மீட்பு என்று பலகை வைத்த கடைகள் ஏராளம். அவற்றில் பல வன்தட்டை வாங்கி வேறெங்கோ அனுப்பும் இடைத்தரகர்கள். அதில் தவறில்லை, ஆனால் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவர் சும்மா ஒரு முறை மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். ஆகவே நான் கேட்டவை இவை: வன்தட்டைத் திறப்பது உங்கள் இடத்திலா, தூசி நீக்கிய காற்று வீசும் பெட்டி உங்களிடம் இருக்கிறதா, அதைப் பார்க்கலாமா, மாற்று ஹெட்டுக்கு வாங்கும் இன்னொரு வன்தட்டின் விலை தொகைக்குள் அடக்கமா, தரவு வராவிட்டால் எவ்வளவு, பாதி வந்தால் எவ்வளவு, வாடிக்கையாளர்களின் விளம்பர வடிவமைப்புகளை வெளியே விடமாட்டோம் என்று எழுதித் தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்த இரண்டு இடங்களை விட்டுவிட்டேன். தேர்ந்தெடுத்த இடத்தில் கூலி 36,000, மாற்று வன்தட்டுக்கு 6,500. அதே மாடல் எண் மட்டும் போதாது, தயாரான காலமும் ஹெட்டுகளின் அமைப்பும் உள்நிரலும் (ஃபர்ம்வேர்) பொருந்த வேண்டும் என்பதால், அதைத் தேடிப் பிடிக்கவே நாட்கள் ஓடின. நானே பழைய வன்தட்டு ஒன்றை ஆன்லைனில் குறைந்த விலைக்கு வாங்கித் தரலாம் என்று நினைத்தபோது அவர்களே தடுத்தார்கள், அதற்கு நன்றி.

திறந்து பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார்கள். இரண்டு தட்டுகள், நான்கு ஹெட்டுகள். கீழ்த்தட்டின் ஒரு பக்கத்தில், கண்ணாடி போன்ற பரப்பின் நடுவே விரல் நகத்தின் அகலத்தில் மங்கிய வெள்ளி வளையம். காந்தப் படலம் போய் அலுமினியம் தெரிகிறது என்றார்கள். வெண்மையாக இருக்க வேண்டிய வடிகட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. அந்தச் சாம்பலில் என் அம்மன் படங்களும் முருகன் படங்களும் இருந்தன என்று எண்ணியபோது சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வளையம் விழுந்த இடத்தை எந்தத் தொழில்நுட்பத்தாலும் திரும்பப் பெற முடியாது. மீட்பு என்று நாம் சொல்வதெல்லாம் மீதிப் பரப்பைப் பற்றியதே. அவர்கள் தட்டைச் சுத்தம் செய்து, ஹெட்டுகளை மாற்றி, கெட்ட பக்கத்தைத் தொடாமல் நல்ல மூன்று பக்கங்களை மட்டும் முதலில் முழுவதுமாகப் படியெடுத்தார்கள். அது முடிந்த பிறகுதான் நான்காவது பக்கத்தில் வளையத்துக்கு வெளியே உள்ளதை எடுக்க முயன்றார்கள். இந்த வரிசை முக்கியம். மாற்றிய ஹெட்டுக்கும் ஆயுள் குறைவு என்பதால், எது முதலில் வேண்டும் என்று நாம் ஃபோல்டர் பெயரோடு எழுதிக் கொடுப்பது நல்லது.

நான்கில் மூன்று பக்கம் கிடைத்தால் நான்கில் மூன்று பங்கு ஃபைல் கிடைக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அப்படி நடப்பதில்லை. வன்தட்டு ஒரு பக்கத்தில் சில தடங்கள் எழுதி, பிறகு அடுத்த பக்கத்துக்குத் தாவி, இப்படி எல்லாப் பக்கங்களிலும் மாறி மாறிப் போகிறது. சில நூறு கேபி அளவுள்ள வேர்டு ஃபைலோ சிறிய படமோ ஏதேனும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே அவை பெரும்பாலும் முழுதாக வந்தன. ஐந்நூறு எம்பி ஃபைல் எல்லாப் பக்கங்களையும் தொட்டிருக்கும். நடுவில் ஒரு துண்டு போனாலும் போட்டோஷாப் அதைத் திறக்க மறுக்கும். விளைவாக, பழைய விலைப்பட்டியல்களும் பில்களும் தினசரிக் காலண்டர் தாளுக்கான பஞ்சாங்கக் குறிப்புகளும் அப்படியே திரும்பின. லேயர் பிரித்து வரைந்த பெரிய படங்களில் பாதிக்கு மேல் பட்டியலில் பெயராக மட்டும் இருந்தன. ஃபைல் பட்டியலைக் காட்டி "எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம், நாமே தேர்ந்தெடுத்த பெரிய ஃபைல்களைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதை இதிலிருந்தே சொல்கிறேன். பெயரும் அளவும் சரியாக இருப்பது எதற்கும் சான்றன்று.

இழந்தவற்றில் ஒரு பகுதி நான் நினைத்துப் பார்க்காத இடங்களில் கிடைத்தது. பிளேட் எடுக்கும் சிடிபி நிலையத்தில் முந்தைய ஆண்டுகளின் பிடிஎஃப்கள் அழிக்கப்படாமல் இருந்தன. வாடிக்கையாளர்களுக்கு ஒப்புதலுக்காக அனுப்பிய மின்னஞ்சல்களில் சில நல்ல தரத்திலேயே இருந்தன. அச்சான ஆல்பங்களையே ஸ்கேன் செய்து புள்ளிகளை நீக்கிச் சரிசெய்தவையும் உண்டு. மீதியை இரண்டு ஓவியர்களை வைத்து மீண்டும் வரைந்ததில் 48,000 ரூபாய் ஆயிற்று. ஆடிப்பெருக்குக்குள் முடிக்க முடியாத ஓர் ஆர்டரின் முன்பணம் 25,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். மீட்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, ஒரு தாளில் எந்தெந்த ஃபைல் யார் யாரிடம் போயிருக்கும் என்று எழுதிப் பார்த்திருந்தால், ஆய்வகத்திடம் எதை முதலில் கேட்பது என்பதும், இவ்வளவு தொகை கொடுப்பது தகுமா என்பதும் தெளிவாகியிருக்கும்.

இப்போது கணினி, இயந்திரக் கூடத்தை ஒட்டிய சுவரில் இல்லை. யுபிஎஸ் மின்கலத்தை அது கெட்ட பின் மாற்றுவதில்லை, தேதி பார்த்து மாற்றுகிறோம். மின்சாரம் போனால் தானே முறையாக அணையும்படி யுபிஎஸ்ஸைக் கணினியோடு யுஎஸ்பி கம்பியால் இணைத்திருக்கிறோம். கையடக்க வன்தட்டுகளை ஓடும்போது நகர்த்துவதில்லை. பல மேசை வன்தட்டுகள் நின்றிருக்கும்போது 300 ஜி (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு) அளவு அதிர்ச்சியைத் தாங்கினாலும், ஓடும்போது 70 ஜி-க்கு மேல் தாங்காது, செங்குத்தாக நிறுத்திய வன்தட்டு மேசை மேல் சாய்ந்து விழுவதே அதற்குப் போதும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் தட்டு முழுவதுமாக நிற்கச் சில விநாடிகள் விட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். மடிக்கணினியில் சி1 எண்ணிக்கை வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏறினால், சில விநாடி ஓய்வுக்கே ஹெட்டை நிறுத்தும் மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்திக்கொள்ளலாம்.

வேலை செய்யும் ஃபைல்கள், சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் இருக்கின்றன. அதில் உரசுவதற்கு எதுவும் இல்லை, ஆனால் சாகும்போது முனகாமல் சாகும். மின்சாரமே இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து தரவு கெடவும் கூடும். ஆகவே முடிந்த ஆண்டுகளின் வடிவமைப்புகளுக்கு இன்னும் வன்தட்டையே நம்புகிறேன், ஒன்றை அல்ல, வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டை. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய இரண்டும் ஒரே குறையோடு வந்திருக்கலாம். ஒன்று அச்சகத்தில், மற்றொன்று வீட்டில். சில மாதங்களுக்கு ஒரு முறை இரண்டையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய ஃபைல்கள் சிலவற்றைத் திறந்து பார்த்து, 05, சி5 எண்களை வன்தட்டின் மேல் ஒட்டிய தாளில் தேதியோடு எழுதி வைக்கிறோம். சி5 பூஜ்யத்திலிருந்து ஒன்றானாலும், அன்றே புதியதொன்றை வாங்கி நகலெடுத்துவிட்டுப் பழையதைப் பணியிலிருந்து நீக்கிவிடுகிறோம். புதியதன் விலை ஆய்வகக் கூலியைவிட மிகவும் குறைவுதான்.